சட்டம் கேளுங்கள்: மகன் வாங்கி வந்த பிஸ்டல்

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் ஒரு நகரப் போலீஸில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் சொந்தக் காசில் ஐந்தாம் தலைமுறை கிளாக் பிஸ்டல் வாங்கி வந்தான். "இதை எல்லாருக்கும் விற்க மாட்டாங்கம்மா, போலீஸ் கார்டைக் காட்டி வாங்கினேன்" என்கிறான். பாதுகாப்பில்லை என்று அரசு ஒதுக்கிய துப்பாக்கியா இது? வீட்டில் ஆறு வயதுப் பேத்தி இருக்கிறாள்.
— ஒரு தாய், சேக்ரமெண்டோ

பதில்: அம்மா, என் கணவரும் இருபது வருஷமாகப் போலீஸ்தான். அப்படி ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் இருக்கிறது. அதனால் வக்கீலாக மட்டும் இதற்குப் பதில் எழுத என்னால் முடியாது.

கலிபோர்னியாவில் 2001 முதல், மாநில நீதித்துறையின் பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கக் கூடாது. பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு மாடலிலும் மூன்று துப்பாக்கிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுட்டுப் பார்ப்பார்கள். ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கான்கிரீட்டில் ஆறு விதமாகப் போட்டும் பார்ப்பார்கள். 2007 முதல் புதிய பிஸ்டல் மாடல்களுக்கு இன்னும் இரண்டு சேர்ந்தன: சேம்பரில் (குழலின் பின்முனையில், அடுத்துச் சுடப்படும் தோட்டா இருக்கும் இடம்) தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம், மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூடு) கழற்றிவிட்டால் சுடாத அமைப்பு. 2013 மே மாதம், சுட்ட தோட்டாவின் உறையில் துப்பாக்கியின் குறியீடு பதிய வேண்டும் என்ற விதியும் வந்தது. அதை எந்தத் தயாரிப்பாளரும் செய்யவில்லை. பத்து வருஷம் ஒரு புதிய பிஸ்டல் மாடல்கூடப் பட்டியலில் ஏறவில்லை. ஆகவே, பட்டியலில் இல்லை என்பதாலேயே உங்கள் மகனுடையது கீழே விழுந்தால் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இந்தப் பட்டியல் விதியிலிருந்து போலீஸுக்கு விலக்கு எதற்கு? கைகலப்பில் மேகசின் நழுவிவிட்டால் அந்த அமைப்புள்ள பிஸ்டல் சுடாது என்பது அவர்கள் சொல்லும் ஒரு காரணம். பணியில் இருக்கும்போது அது நியாயம்தான். 2023 மார்ச்சில் இந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை போட்ட ஃபெடரல் நீதிபதி, உண்மையிலேயே ஆபத்தானவை என்றால் போலீஸ் கையில் கொடுப்பார்களா என்ற வாதத்தையும் எடுத்துக்கொண்டார். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சி பெற்ற கைக்குப் பொருந்துவது குழந்தையின் கைக்குப் பொருந்தாது.

1994இல் பெர்க்லியில் ஒரு சிறுவன் அப்பாவின் பிஸ்டலில் இருந்த மேகசினை எடுத்துவிட்டுக் காலி மேகசினைப் போட்டான். இனி தோட்டா இல்லை என்று நம்பித்தான் நண்பனைக் குறிவைத்து அழுத்தினான். சேம்பரில் ஒன்று இருந்தது. நண்பனுக்குப் பதினைந்து வயது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உங்கள் மகனின் கிளாக்கிலும் மேகசினைக் கழற்றினால் சேம்பரில் இருக்கும் தோட்டா சுடும்.

பிள்ளைகள் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டத்திலும் போலீஸுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது பணி செய்யும்போதும் பணியை ஒட்டியும் நடப்பதற்குத்தான். விடுமுறை நாளில் அலமாரியில் கிடக்கும் பிஸ்டலைக் குழந்தை எடுத்துவிட்டால், கார்டைக் காட்டித் தப்ப முடியாது. 2015இல் ஃபெடரல் அதிகாரி ஒருவரின் காரிலிருந்து திருடுபோன துப்பாக்கியால் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் இறந்தார். அதற்குப் பிறகுதான் காரில் பூட்டி வைக்கும் விதி போலீஸுக்கும் வந்தது.

மகனிடம் இன்றே பேசுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மேகசினைக் கழற்றட்டும், பிறகு சேம்பரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பார்க்கட்டும், பிறகு பெட்டகம். பெட்டகத்தின் எண் பேத்திக்குத் தெரியவே கூடாது. அவள் பிறந்த தேதியை எண்ணாக வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: மைத்துனர் போலீஸ். அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் எனக்கு ஒரு பிஸ்டல் வாங்கித் தரச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கிறேன். தப்பில்லையே?
— வாசகர், ஃப்ரீமாண்ட்

பதில்: தப்பு. வர்ஜீனியாவின் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் இதே மாதிரி மாமாவுக்கு வாங்கினார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி இருந்தது. இருந்தும், உண்மையாக வாங்குபவர் நான்தான் என்று படிவத்தில் பொய் சொன்னது குற்றம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. மைத்துனர் கையெழுத்துப் போடுவதற்குள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.