விழுந்து கிடப்பவனைச் சுடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன். விசைப்படகில் தொழில் பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது, நண்பர்கள் நால்வர் சேர்ந்து இரவில் கைப்பேசியில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடுவோம். சென்ற வாரம் அந்த ஆட்டத்தில் வரும் பொச்சிங்கி என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் எதிரணி ஆள் ஒருவனை நாக் செய்தேன், அதாவது சாகாமல் கீழே விழும்படி சுட்டேன். அவன் ஊர்ந்துபோய்ச் சுவரோரம் கிடந்தான். சுட மனம் வராமல் விட்டுவிட்டு வெளியேறினேன். அவனுடைய கூட்டாளி வந்து அவனை எழுப்பிவிட, இருவரும் சேர்ந்து எங்கள் அணியில் ஒருவனை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த நண்பன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விளையாட்டில் இரக்கம் காட்டுவது தவறா? விளையாட்டுதானே என்று சுட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமா?

ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் விரல் தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. "விளையாட்டுதானே" என்ற சொல்லால் இந்த இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. விளையாட்டு என்பதால்தான் இதைப் பற்றி நிதானமாக யோசிக்க நமக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது.

முதலில் அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பார்ப்போம். இந்த ஆட்டத்தில் ஓர் அணியின் கடைசி ஆளும் விழுந்துவிட்டால் அணி முழுவதும் அப்போதே வெளியேறிவிடும். ஆகவே, நாக் ஆகி ஒருவன் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கிறான் என்றாலே, அவனுடைய கூட்டாளி ஒருவராவது எங்கோ நின்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். அவர் வந்து பத்து விநாடி பக்கத்தில் உட்கார்ந்தால் விழுந்தவன் எழுந்து துப்பாக்கியைத் தூக்கிவிடுவான். நம் ஊர்க் கபடியிலும் அவுட் ஆனவர் மீண்டும் உள்ளே வருகிறார். ஆனால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது அவரைத் தொடுவதால் யாருக்கும் எந்த இலாபமும் இல்லாதபடி விதி அவரைக் காப்பாற்றுகிறது. துப்பாக்கி ஆட்டத்தை அமைத்தவர்கள் விழுந்தவனுக்கு அப்படி ஒரு கோட்டைப் போடவில்லை. அவனைச் சுடுவதுதான் ஆதாயம் என்று அமைத்துவிட்டு, சுடும் பையன்களைப் பார்த்துக் கொடூரமானவர்கள் என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உண்மையான போரில் விதி வேறு. ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்தவரைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளே தடை செய்துவிட்டன. காயம்பட்டுப் போரிட முடியாமல் கிடப்பவருக்கு 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் பாதுகாப்பு அளிக்கின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது: அவர் சண்டையிலிருந்து முழுமையாக விலகியிருக்க வேண்டும். சரணடைவதுபோலவோ காயம்பட்டதுபோலவோ நடித்து எதிரியைக் கொல்வது நம்பிக்கைத் துரோகம் என்று அந்த உடன்படிக்கைகளோடு 1977ஆம் ஆண்டு சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. ஏனெனில் ஒருவன் அப்படி ஏமாற்றிவிட்டால், அடுத்த முறை உண்மையாகவே கையைத் தூக்குகிறவனை யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் ஆட்டத்தில் நாக் ஆனவன் நடிக்கவில்லை; ஆனால் சண்டையிலிருந்து விலகியவனும் அல்லன். சரணடைந்தேன் என்று சொல்வதற்கு அவனுக்கு ஒரு பொத்தான் கூடக் கிடையாது.

நீங்கள் இருக்கும் தீவிலேயே, தனுஷ்கோடி போகும் வழியில், விபீடணன் அடைக்கலம் புகுந்த இடம் என்று நம் மக்கள் வணங்கும் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. அந்தக் கதையில் சுக்ரீவன் சந்தேகப்பட்டதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். எதிரியின் தம்பி எதிரி முகாமிலிருந்து வருகிறான், இவனை எப்படி நம்புவது என்று அவன் கேட்டது கெட்ட எண்ணத்தால் அன்று. தன் படையின் உயிருக்குப் பொறுப்பேற்றவன் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது. எல்லோரையும் பேசவிட்டு, அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்த பிறகே இராமன் அடைக்கலம் கொடுக்கிறான். நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை, தம்பி. "ஒருவனை விட்டுவிட்டு வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் நண்பர் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பார். இரக்கம் காட்டியவர் நீங்கள்; அதற்கு விலை கொடுத்தவர் அவர். அவர் முகம் கொடுத்துப் பேசாததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் கையிலிருந்து கொடுக்கும்போதுதான் அது இரக்கம். தனி ஆளாக ஆடும் ஆட்டத்தில், அப்போதுதான் குதித்து இறங்கிக் கையில் ஒன்றும் இல்லாமல் ஓடுகிறவனை ஒரு துப்பாக்கி எடுக்கும்வரை விட்டுவைத்தால், அதனால் வரும் நட்டம் உங்களுடையது மட்டுமே, தாராளமாக விடுங்கள். அதே ஆளோடு சேர்ந்து நடந்து மற்றவர்களை வேட்டையாடத் தொடங்கினால் அது வேறு கதை. எதிரிகள் கூட்டுச் சேர்வதை முறைகேடு என்று தண்டிக்கிறார்கள், அதுவும் சரிதான். நூறு பேர் இறங்கும் களத்தில் இருவர் செய்துகொள்ளும் இரகசிய சமாதானம் மற்ற தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் செய்யும் அநீதி.

உங்கள் நண்பர் சொல்வதற்கும் எல்லை உண்டு. விழுந்தவனை ஒரு குண்டில் முடிப்பது ஆட்டம். நாக் ஆனவனின் உயிர்க்கோடு தானாகவே குறைந்துகொண்டு வரும்போது, துப்பாக்கியை வைத்துவிட்டுச் சுற்றி நின்று குத்துவிட்டு விளையாடுவதையும், அவன் செத்து, அவன் பொருள்கள் கிடக்கும் பெட்டியாக மாறிய பிறகு அந்தப் பெட்டியின் மேல் ஏறி ஆடுவதையும், மைக்கை எல்லோருக்கும் திறந்துவிட்டு அவனுடைய தாயை இழுத்துப் பேசுவதையும் எந்த வெற்றியும் கேட்கவில்லை. இங்கே ஆட்டத்தின் அமைப்பைக் காரணம் காட்ட முடியாது. அதைச் செய்பவன் தானாக விரும்பித்தான் செய்கிறான். கூட்டாளியை வரவழைப்பதற்காக விழுந்தவனைத் தூண்டில் இரைபோல உயிரோடு விட்டுவைப்பதை என்னால் இவற்றோடு சேர்க்க முடியவில்லை, ஆனாலும் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை. அதைவிட ஒரே குண்டில் முடிப்பது மரியாதையானது என்பேன்.

சரணடைதலுக்கு இடம் கொடுத்த ஆட்டங்களும் இருக்கின்றன. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 15 நிமிடத்திற்குப் பிறகு அணி வாக்கெடுத்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம்; வாலரன்ட்டிலும் வாக்கெடுப்பு உண்டு. ஒருவர் சலித்துப்போனார் என்பதற்காக மற்றவர்களின் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்பதால் அதை வாக்குக்கு விட்டிருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. தடை செய்யப்பட்ட பப்ஜிக்குப் பதிலாக 2021இல் பிஜிஎம்ஐ வந்தபோது இரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக்கினார்கள். பிள்ளைகளின் மனத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், அந்த நிறத்தைவிட, கீழே கிடப்பவனுக்கு ஒரு வழி திறந்துவிடுவதைப் பற்றி யோசித்திருக்கலாம்.

அப்படி யோசித்தும் இருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2023இல் ஃபோர்ட்நைட் என்ற துப்பாக்கி ஆட்டத்துக்குள் ஒரு களத்தை அமைத்தது. விழுந்து கிடக்கும் எதிரியைத் தொடர்ந்து சுடக் கூடாது, தாக்காதவர்களைத் தாக்கக் கூடாது, பொதுமக்களின் கட்டடங்களை அழிக்கக் கூடாது, மருத்துவப் பெட்டியை வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் பயன்படுத்த வேண்டும் என்பவை அதன் விதிகள். உங்களைத் தயங்க வைத்த அதே உணர்வை அவர்கள் விதியாக எழுதி, எல்லோர் மேலும் ஒரே அளவாக ஏற்றிவிட்டார்கள். அங்கே இரக்கம் காட்டுகிறவன் ஏமாளியாவதில்லை.

உங்களாலும் இதைச் செய்ய முடியும். தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் உங்களைப் போலவே கரையில் இருக்கும் அணிகள் இருக்கும். அழைத்தவர்கள் மட்டும் ஆடும் தனி அறையை ரூம் கார்டு போட்டுத் திறந்து ஓர் ஆட்டம் வைத்து, தொடங்குமுன் எல்லோரும் கூடும் லாபியிலேயே விதியைச் சொல்லிவிடுங்கள். நாக் ஆனவரை யாரும் சுடக் கூடாது. அதற்கு ஈடாக, எழுப்பப்பட்டவர், ஆடுகளத்தின் எல்லையான வட்டம் அடுத்த முறை சுருங்கி முடியும்வரை துப்பாக்கியைத் தொடக் கூடாது. மீறினால் அவருடைய அணியே விலகிக்கொள்ள வேண்டும். விதிகளை எழுதும்போது கோபித்துக்கொண்டிருக்கும் நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு விதியை எந்தெந்த வழியில் ஏமாற்றலாம் என்பது அடிபட்ட அவருக்குத்தான் முதலில் தோன்றும். அந்த வழிகளை அடைத்த பிறகு மற்ற ஊர் அணிகளை அழையுங்கள்.

அன்புடன்.