300-வது ரேங்க் வந்தால் மகன் சம்பாதிப்பானா?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டான். டென்னிஸ் ஆடுகிறான். ஆண்களின் உலகத் தரவரிசையான ஏடிபி ஒற்றையர் பட்டியலில் 1,100-ஐ ஒட்டி இருக்கிறான். படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடப்போகிறேன் என்கிறான். "இரண்டு வருஷம் கொடுங்கள், 300-க்குள் வந்துவிடுவான், அப்புறம் கவலையில்லை" என்கிறார் அவனுடைய கோச். நம்பிப் பணம் போடலாமா? – கோவை வாசகர்

பதில்:

18 வயதில் ஏடிபி புள்ளி வாங்குவது லேசான காரியமில்லை. பையன் நன்றாகவே ஆடுகிறான். இடிப்பது கோச் சொல்லும் அந்த 300 என்ற எண்தான்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டின் கணக்குகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. விமானம், தங்குமிடம், சாப்பாடு, ராக்கெட் நரம்பு (ஸ்ட்ரிங்) என்று ஓர் ஆண் வீரருக்கு வருஷத்துக்கு சராசரியாக 38,800 டாலர் செலவானது. பரிசுப் பணம் அந்தச் செலவுக்குச் சரிக்குச் சரியாக வந்தது 336-வது ரேங்க் வாக்கில். கோச் சம்பளம் இதில் சேரவில்லை. அதற்குப் பிறகு பரிசும் ஏறியிருக்கிறது, டிக்கெட்டும் ஏறியிருக்கிறது. ஆக, 300 என்பது தனியாக ஊர் சுற்றும் வீரருக்குக் கைக்காசு கரைவது நிற்கும் இடம், அவ்வளவுதான்.

நிலைமை மாறுவது 250-க்கு உள்ளே. விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் தகுதிச் சுற்றுக்கு நேரடி இடம் கிடைப்பது ஏறக்குறைய அங்கிருந்துதான். அதில் முதல் சுற்றிலேயே தோற்றாலும், சின்னப் போட்டிகள் பலவற்றை வென்றால் வரும் பணம் வந்துவிடும். 2024-இல் ஏடிபி கொண்டுவந்த குறைந்தபட்ச வருமான உத்தரவாதமும் 250-வது இடத்தில்தான் தொடங்குகிறது. அந்த வருஷம் 176 முதல் 250 வரை இருப்பவர்களுக்கு 75,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000 டாலர் என்று வைத்தார்கள். இத்தனை போட்டிகள் ஆடியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு.

இப்போது உங்கள் மகன் இருக்கும் இடத்துக்கு வருவோம். ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் அடிப்படியான எம்15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் 2,160 டாலர். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் 156 டாலர், அதிலும் பல நாடுகளில் வரி பிடிப்பார்கள். துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அந்தாலியா போன்ற ஊர்களில் இவை வாரா வாரம் நடக்கும். ஒரே டிக்கெட்டில் போய் மூன்று, நான்கு வாரம் ஆடலாம் என்று பையன்கள் கும்பலாகப் போவார்கள். 1,100-வது ரேங்குக்குப் பெரும்பாலும் தகுதிச் சுற்றுதான். அங்கே மூன்றாவது செட் கிடையாது, அதற்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். இரண்டு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளியை இழப்பது) போட்டால் அந்த வாரமே போச்சு. பரிசும் இல்லை, புள்ளியும் இல்லை. அடுத்த தகுதிச் சுற்று வரை அறை வாடகை கட்டிக்கொண்டு, பயிற்சிக்கு ஆள் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கிய புள்ளிகளும் 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். இதைப் பெற்றோர் ஒரு முறையாவது கூடப் போய்ப் பார்ப்பது நல்லது.

மேலே போனவர்களுக்கும் வழி சுகமாக இல்லை. இந்தியாவின் சுமித் நாகல் 2019-இல் அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரிடமிருந்து ஒரு செட் பறித்தவர், 2020-இல் 122-வது இடம் வரை வந்தவர். 2023 செப்டம்பரில் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்றார். ஒரே ஒரு கோச்சை மட்டும் கூட்டிக்கொண்டு சுற்றவே வருஷத்துக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்பது அவர் சொன்ன கணக்கு. நாலு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று தாண்டி, அந்தப் போட்டியில் 31-வது சீடு பெற்றிருந்த புப்லிக்கைத் தோற்கடித்தார். அந்த ஒரே வெற்றியால் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் உறுதியானது. பிப்ரவரியில் சென்னை சேலஞ்சரை (எம்15, எம்25-க்கு மேல்மட்டப் போட்டி) வென்று முதல் நூறுக்குள்ளும் நுழைந்தார். எல்லோரும் பின்பாதியைச் சொல்லி உசுப்பேற்றுவார்கள். நீங்கள் முன்பாதியை வைத்துத் திட்டம் போடுங்கள்.

சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் சில வருஷங்களையே இழந்து, முதல் நூறைத் தொட்டபோது அவருக்கு 29 வயது. ராம்குமார் ராமநாதன் 2017-இல் உலகத் தரவரிசையில் 8-ஆம் இடத்தில் இருந்த டொமினிக் தீம் என்பவரையே வென்றவர், அவருடைய உச்ச ரேங்க் 111. இதில் இரண்டு வருஷம் என்ற கெடு எங்கிருந்து வந்தது என்று கோச்சையே கேளுங்கள்.

என் யோசனை அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். பிறகு 62-வது ரேங்க் வரை போனார். கோர்ட், கோச், ஜிம், பிசியோ எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். கல்லூரி ரேங்கிங்கில் முன்னணியில் இருப்பவர்களுக்குச் சேலஞ்சர் போட்டிகளில் இடம் ஒதுக்கும் திட்டமும் இப்போது இருக்கிறது. கோடை விடுமுறையில் எம்15, அதற்கு அடுத்த படியான எம்25 ஆடலாம். 22 வயதில் பட்டத்தோடு வெளியே வருபவனுக்கு டென்னிஸில் வயது ஒன்றும் ஆகிவிடவில்லை.

அவன் பிடிவாதமாக இருந்தால் ஒரு வருஷம் கொடுங்கள், ஆனால் கடன் வாங்காமல், வீட்டை அடமானம் வைக்காமல். வருஷக் கடைசியில் ரேங்கை மட்டும் பார்க்காதீர்கள், யாரை ஜெயித்தான் என்று பாருங்கள். எம்25-இல் காலிறுதி அடிக்கடி வருகிறதா, 500-ஐ ஒட்டி இருப்பவர்களை வெல்கிறானா? இல்லையென்றால் கல்லூரிக்குப் போகட்டும். இரட்டையரையும் விடக்கூடாது. அறை வாடகையைப் பங்கு போடும் ஜோடியோடு ஆடினால் செலவும் கொஞ்சம் குறையும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். இந்த மட்டத்துப் போட்டிகளிலும் சூதாட்டம் நடக்கிறது. 156 டாலருக்கு ஆடும் பையனிடம், ஒரு செட்டை விட்டுக்கொடு என்று அதைவிடப் பல மடங்கு காட்டுவார்கள். மறுத்தால் மட்டும் போதாது. டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏ-வுக்குத் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

கல்லூரி வழியைத் திறந்து வைக்க இந்த மாதமே இரண்டு வேலை இருக்கிறது. அவனுடைய யுடிஆர் (ஆட்டத் திறனைக் காட்டும் சர்வதேச டென்னிஸ் மதிப்பீடு) மதிப்பெண்ணையும், வெட்டி ஒட்டாத ஒரு முழு ஆட்ட வீடியோவையும் கல்லூரிக் கோச்களுக்கு அனுப்புங்கள். பரிசுப் பணத்துக்கும் செலவுக்கும் ரசீதுகளைத் தேதிவாரியாக எடுத்து வையுங்கள். கல்லூரியில் சேருமுன் எவ்வளவு பரிசு வாங்கியிருக்கலாம், பள்ளி முடிந்து எத்தனை மாதம் தள்ளிப்போடலாம் என்பதற்கெல்லாம் அங்கே விதி இருக்கிறது, அதுவும் மாறிக்கொண்டே இருக்கிறது. பையன் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் இந்த வருஷ விதியைப் படித்துவிடுங்கள்.