ஊருக்கு மேற்கே லட்சம் கோழி: செட் எழும்புமுன் என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். நூற்றைம்பது வீடுகள் இருக்கும். ஊருக்கு மேற்கே 12 ஏக்கர் விவசாய நிலத்தை வெளியூர் நிறுவனம் ஒன்று வாங்கியிருக்கிறது. ஒரு லட்சம் முட்டைக்கோழி வைத்துப் பண்ணை போடப் போகிறார்களாம். ஜேசிபி விட்டு நிலத்தைச் சமன்படுத்தியாயிற்று. ஊராட்சியில் கேட்டால் எந்த மனுவும் வரவில்லை என்கிறார்கள். "எப்படியும் கருத்துக் கேட்புக் கூட்டம் போடுவார்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் பெரியவர்கள். இளவட்டங்கள் மறியல் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கூட்டம் நடக்காது. ஆலை, சுரங்கம் போன்றவற்றுக்குக் கருத்துக் கேட்பு நடப்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி. அதன் பட்டியலில் கோழிப்பண்ணை இல்லை. எத்தனை லட்சம் கோழி வைத்தாலும் இல்லை. கூட்டத்துக்குக் காத்திருந்த ஊர்கள் கண்விழிக்கும்போது செட் எழும்பி, கூண்டு மாட்டி, குஞ்சும் இறங்கியிருக்கும். கோடிக்கணக்கில் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய செட்டைப் பிரிக்கச் சொல்ல எந்த அதிகாரிக்கும் எளிதில் மனம் வராது. உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு, நிலம் சமனாகி செட் எழும்பாத இந்த இடைவெளிதான்.

இப்போது கோப்பு எங்கே இருக்கும்? திருப்பூர் மாவட்டம் என்பதால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் தேடுங்கள். முன்பெல்லாம் ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருந்தால் வாரியத்தின் இசைவாணையே வேண்டாம் என்றிருந்தது. அந்த விலக்கை மறுபரிசீலனை செய்யும்படி 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதன்பின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திருத்திய வழிகாட்டுதல்கள் அந்த வரம்பை 5,000 கோழிக்கு இறக்கிவிட்டன. ஆக, உங்கள் ஊருக்கு வரும் பண்ணை நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகிய இரண்டின் கீழும் கட்டுமுன் "நிறுவுவதற்கான இசைவாணை", கோழி விடுமுன் "இயக்குவதற்கான இசைவாணை" என இரண்டு கட்டங்களைத் தாண்டியாக வேண்டும். "இது விவசாயம் சார்ந்த தொழில், அனுமதியெல்லாம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வாரமே இரண்டு தாள்கள் போகட்டும். ஒன்று, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனு. இந்த சர்வே எண்களில் பண்ணைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் தள வரைபடம், கோழிகளின் எண்ணிக்கை, நீர் ஆதாரம், எருவுக்கான ஏற்பாடு ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குக் காத்திருக்காமல், இரண்டாவதாக, ஆட்சேபணை மனுவைப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் அதையே கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மனுவில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுகின்றன. "துர்நாற்றம் வீசும், நோய் வரும், வாழ்வாதாரம் பாதிக்கும்" என்று எழுதி நூறு பேர் கையெழுத்துப் போட்டால், அது கோப்பில் ஒரு தாளாகச் சேரும், அவ்வளவுதான். அளந்த எண் ஒன்று இருந்தால் அதிகாரி அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

முதல் எண் தூரம். குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, கால்வாய், குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் பண்ணை அமைய வேண்டும் என்கின்றன மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல்கள். உங்கள் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) கிளை வாய்க்கால் ஏதாவது அந்த நிலத்தை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, கடைசி வீடு, பள்ளி, ஊர்க் கிணறு ஒவ்வொன்றிலிருந்தும் அந்த நிலத்துக்கு எத்தனை மீட்டர் என்று குறித்து மனுவோடு இணையுங்கள். எதிர்த்தரப்பு இரண்டு வாதங்களை வைக்கலாம். இது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை என்பது ஒன்று. உண்மைதான், அதனால்தான் இசைவாணை கொடுக்குமுன்பே இதைக் கோப்பில் ஏற்றச் சொல்கிறேன். உங்கள் ஊர் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு மண்டலமாகக் காட்டப்படவில்லை என்பது மற்றொன்று. அதற்கு வருவாய்க் கணக்கில் கிராம நத்தம் என்று பதிவாகியிருப்பதன் நகல் கைவசம் இருக்கட்டும்.

இரண்டாவது எரு. முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 100 கிராம் எச்சம் போடும். லட்சம் கோழிக்குத் தினம் 10 டன். புதிதாக விழும் எச்சத்தில் முக்கால் பங்கு ஈரம். காய்ந்துவிட்டால் ஈ அதில் முட்டையிட்டாலும் புழு பிழைக்காது. குடிநீர் நிப்பிள் கசிந்தோ, மழைச்சாரல் அடித்தோ ஈரம் நின்றால் வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை ஈயாகிவிடும். நாற்றத்துக்கும் அதே ஈரம்தான் மூலம். ஆகவே எருவை எங்கே கொட்டுவார்கள், கூரை உண்டா, தரை சிமென்ட்டா, எத்தனை நாளுக்கொருமுறை யார் எடுத்துப் போவார்கள், செத்த கோழிக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அதுவே உங்கள் வலுவான ஆட்சேபணை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பண்ணை ஊருக்கு மேற்கே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி தொடங்கி ஆவணி வரை அடிக்கும் காற்று உங்கள் பக்கம் மேற்கிலிருந்துதான் வரும். அந்தக் காற்றை நம்பித்தானே சுற்றுவட்டாரமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள்! அதே பண்ணை ஊருக்குக் கிழக்கே இருந்தால் தொல்லை வெகுவாகக் குறையும். இதையும் மனுவில் எழுதுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் குடிக்கிறது என்று வைத்தாலும் 25,000 லிட்டர் ஆகிறது. கோடையில் இன்னும் கூடும். எத்தனை ஆழ்குழாய் போடுவார்கள் என்பதை விண்ணப்பத்தில் பார்க்க வேண்டும். அதைவிட அவசரம், இப்போதே ஊர்க் கிணற்று நீரையும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளின் நீரையும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்கி வைப்பது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பண்ணை வந்தபின் அது 80 ஆனால், "முன்பே அப்படித்தான் இருந்தது" என்பார்கள். இன்றைய தேதி போட்ட அறிக்கை இல்லாமல் அதை மறுக்க முடியாது.

கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபைகள் உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு குறைந்தது 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். தீர்மானத்தில் சர்வே எண்ணும் தூரமும் இருக்கட்டும். அந்தத் தீர்மானம் மட்டும் பண்ணையை நிறுத்திவிடாது, ஆனால் நாளைக்கு வழக்கு என்று போனால் தனியாள் பகை இல்லை என்பதற்குச் சான்று.

இசைவாணை கொடுத்துவிட்டால், அதை எதிர்த்து 30 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். அங்கும் தோற்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இசைவாணையே வாங்காமல் கட்டினால் நேராகத் தீர்ப்பாயத்துக்கே போகலாம், விஷயம் எழுந்த ஆறு மாதத்துக்குள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். பண்ணை ஓடத் தொடங்கியபின் பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போக பழைய 133ஆவது பிரிவு இருந்ததல்லவா, அது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு. மறியலைப் பற்றிக் கேட்டீர்கள். இருபது இளைஞர்கள் மேல் வழக்கு விழுந்தால் ஊரின் பணமும் நேரமும் அந்த வழக்குக்கே போகும். நான் வேண்டாம் என்பேன்.

ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். ஒரே பண்ணையைப் பல பேர் பெயரில் பிரித்து, ஒவ்வொன்றும் 5,000க்குக் கீழ் என்று காட்ட வழி இருக்கிறது. பட்டா, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், எருக்குழி எல்லாம் ஒன்றா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூடவே உங்கள் வீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் அதிகம். ஊருக்குள்ளேயே 6,000 கோழி செட் ஒன்று இசைவாணை இல்லாமல் ஓடினால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான். அந்த வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு மனுவில் கையெழுத்து வாங்குங்கள்.

நிறுவனம் பேச அழைத்தால் போங்கள், ஆனால் ஊர்ப் பொதுவில், எழுத்தில். செட்டை நிலத்தின் மேற்கோடிக்குத் தள்ளுவது, ஊர்ப்பக்கம் மூன்று வரிசை மரம், கூரை போட்ட எருக்கிடங்கு, எரு வண்டி ஊர்த்தெரு வழியே வராமல் தனிப் பாதை, மூன்று மாதத்துக்கொருமுறை கிணற்று நீர்ச் சோதனை. இவற்றை வெறும் வாக்குறுதியாக வாங்கிக்கொள்ளாமல், இசைவாணையின் நிபந்தனைகளாகவே சேர்க்கும்படி பொறியாளருக்கு இரு தரப்பும் கையெழுத்திட்டு எழுதினால், மீறும்போது நடவடிக்கை கேட்க வாரியத்திடம் உங்களுக்குப் பிடி இருக்கும். 500 மீட்டருக்குள்தான் செட் வருகிறது என்றால் மட்டும் இந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.