தேதியை மாற்றினால் பால்கனி தருகிறார்களாம்!

பயணம்: வாசகர் கேள்வி - பதில்

(பதில் சொல்பவர், வெளிநாட்டு சொகுசுக் கப்பல்களில் வரவேற்பு கவுன்டரில் வேலை பார்த்துவிட்டு இப்போது காட்பாடி காந்தி நகரில் வசிப்பவர்.)

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நானும் கணவரும், என் தங்கை, தங்கை வீட்டுக்காரர், பத்தாவது எழுதியிருக்கும் அவர்கள் பையன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்கள் பெண் என்று ஆறு பேராக மே மாத நடுவில் கப்பல் பயணம் போகிறோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு நான்கு இரவில் திரும்ப வேண்டும். ஜன்னல் இல்லாத உள் கேபின் இரண்டு. கேபினுக்கு மூன்று பேர். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. இப்போது ஏஜென்ட் ஒரு மெயிலை அனுப்பியிருக்கிறார். அந்தத் தேதியில் கூட்டம் அதிகமாம். விருப்பப்பட்டால் அதே கப்பலில் ஒன்பது நாள் முன்னதாகக் கிளம்பும் மூன்று இரவுப் பயணத்துக்கு மாறிக்கொள்ளலாமாம். அதில் புக்கெட் கிடையாது, பினாங்கு மட்டும். மாறினால் இரண்டும் பால்கனி கேபின், கேபினுக்கு 100 சிங்கப்பூர் டாலர் கப்பலில் செலவு செய்ய. கட்டண வித்தியாசம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். விமான டிக்கெட்டில் தேதி மாற்ற ஆளுக்கு ஆறாயிரம் ஆகும் என்கிறார்கள். பெண்ணுக்கு மே நடுவில்தான் லீவு கிடைத்திருக்கிறது. கணவருக்குப் போன வருடம் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனது. அவர் “பால்கனி வருது, விடாதே” என்கிறார். தங்கை “புக்கெட் இல்லாம எதுக்குப் போகணும்” என்கிறாள். ஏஜென்ட் “நல்ல ஆஃபர் மேடம், ஓகே பண்ணிடுங்க” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மாட்டோம் என்றால் எங்களைக் கரையிலேயே விட்டுவிடுவார்களா?

- பெயர் வேண்டாம், சத்துவாச்சாரி

பதில்: டீச்சர், கடைசியில் கேட்டதுதான் உங்கள் முதல் பயம் என்று தெரிகிறது. அதிலிருந்தே வருகிறேன். வந்திருப்பது “விருப்பப்பட்டால்” என்ற மெயில். நூறு பேருக்கு இடம் தேவை என்றால் அதைவிடப் பல மடங்கு பேருக்கு இப்படி அனுப்புவார்கள்; தேதி பற்றிக் கவலை இல்லாதவர்கள் முந்திக்கொண்டு சரி என்பார்கள்; கணக்கு முடிந்துவிடும். உங்கள் பதிவுச் சீட்டில் கேபின் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் கவலை குறைவு. “எண் பிறகு தரப்படும்” என்று மலிவு விலையில் வாங்கியிருந்தால் கொஞ்சம் ஆட்டம் காணும் நிலைதான். டிக்கெட் ஒப்பந்தத்தில் கம்பெனிக்குச் சாதகமாக எல்லாமே எழுதியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் முழுப் பணம் கட்டிய குடும்பத்தை அதன் விருப்பத்துக்கு மாறாக இறக்கிவிடுவது கம்பெனிக்கே தலைவலி. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தத் தலைவலியைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கூட்டம் அதிகம் என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பேரம் பேச அது உதவும். ரயிலில் ஆர்.ஏ.சி. கொடுத்து ஒரே பெர்த்தில் இரண்டு பேரை உட்கார வைப்பதுபோல் கப்பலில் முடியாது. பாதுகாப்புச் சான்றிதழில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அதற்கு மேல் ஒருவரைக்கூட கேப்டன் ஏற்ற மாட்டார். 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது இருந்த ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உயிர்காக்கும் படகில் இடம் இருந்தது. அதற்குப் பிறகு 1914-ல் தொடங்கிய சர்வதேச விதிகள் இன்றுவரை இறுகிக்கொண்டே வந்திருக்கின்றன. கம்பெனிகள் கேபினுக்கு இரண்டு பேர் என்றுதான் கணக்கு வைக்கும். அதனால்தான் மூன்றாவது, நான்காவது ஆள் சேரும்போது கப்பல் நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாகச் சொல்வார்கள். பள்ளி விடுமுறையில் எல்லாக் கேபினிலும் பிள்ளைகள். கேபின் பாக்கி இருக்கும்போதே படகில் இடம் தீர்ந்துவிடும். டிக்கெட் வாங்கியவர்களில் சிலர் ரத்து செய்வார்கள் என்று எதிர்பார்த்துக் கூடுதலாக விற்பதும் உண்டு; அவர்கள் ரத்து செய்யாமல் போனால் இப்படி மெயில் வரும். உங்கள் இரண்டு கேபினும் மும்மூன்று பேர். நீங்கள் நகர்ந்தால் ஆறு இடம் கிடைக்கும். இரண்டு பேர் இருக்கும் கேபின்காரரைவிட நீங்கள் அவர்களுக்கு அதிகம் வேண்டியவர்கள்!

இனி பணம். 100 சிங்கப்பூர் டாலர் என்பது ஏழாயிரம் ரூபாயை ஒட்டி வரும். இரண்டு கேபினுக்கும் சேர்த்துப் பதினாலாயிரம் என்று வையுங்கள். பெண் சிங்கப்பூரிலேயே இருப்பதால் விமான டிக்கெட் ஐந்து பேருக்கு. தேதி மாற்ற 5 × 6,000 = 30,000. புதிய தேதியில் டிக்கெட் விலை ஏறியிருந்தால் அந்த வித்தியாசம் தனி. சிங்கப்பூரில் ஓட்டல் போட்டிருந்தால் அதுவும். ஆக, பரிசு வாங்கிக்கொண்டு கையிலிருந்து பதினாறாயிரத்துக்கு மேல் நீங்கள் கொடுக்கிறீர்கள். அதோடு நான்கு இரவுக்குக் கட்டிவிட்டு மூன்று இரவுதான் போகிறீர்கள். பயணத்தில் கால் பங்கு போய்விட்டது, அதைப் பற்றி மெயில் வாய் திறக்கவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

அந்த நூறு டாலரும் பணமாகக் கைக்கு வராது. கப்பல் கணக்கில் வரவு வைப்பார்கள், செலவழிக்காத மீதி பெரும்பாலும் அப்படியே போய்விடும். டிப்ஸ் உங்கள் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் கம்பெனிகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 அமெரிக்க டாலருக்கு மேல் போடுகின்றன. மூன்று பேர், மூன்று நாள் என்றால் 135 டாலர். நூறு சிங்கப்பூர் டாலர் அதற்கே எட்டாது.

பால்கனிக்கு வருவோம், சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாலாற்றில் வெள்ளம் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. அறைக் கதவைத் திறந்தால் கடல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் பால்கனி என்றாலே உசத்தி என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல் ஆடும்போது நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் உள் கேபின்தான் குறைவாக ஆடும். முன்பக்க மூக்கில், உயரத்தில் இருக்கும் பால்கனிதான் அதிகம் ஆடும். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல்தான். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ரா’ என்ற சூறைக்காற்று மழையோடு வந்து போகும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே கேபின் விழுந்தாலும் தொல்லை. காலை ஐந்து மணிக்கே தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் சோபாவைத்தான் படுக்கையாக விரிப்பார்கள், அதை விரித்தால் நடக்க இடம் குறையும். புது மூட்டோடு ராத்திரி எழுந்து பாத்ரூம் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனால் “பால்கனி” என்ற வார்த்தைக்கு மட்டும் சம்மதம் சொல்லாதீர்கள். எந்தத் தளம், என்ன எண், இரண்டும் பக்கத்துப் பக்கத்திலா என்று கேளுங்கள்.

உங்கள் தங்கை கோபிக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புக்கெட் போகாதது சாருக்கு நஷ்டமே இல்லை. பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கட்டும், இறங்கினால் ஊர். லிட்டில் இந்தியா பக்கம்தான், குயீன் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, இட்லி காபி கிடைக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலையில் ஏறி இறங்கும் படகுக்குக் கால் வைப்பது நல்ல மூட்டுக்காரருக்கே கைப்பிடி தேடும் வேலை. பழைய தேதியில் போனாலும் அன்று சார் கப்பலிலேயே இருப்பதுதான் நல்லது. கூட்டம் இறங்கிய கப்பல் அவ்வளவு சுகமாக இருக்கும். பால்கனி இல்லாவிட்டால் என்ன, மேல்தளம் முழுக்க அவருக்குத்தான்.

பையன் விஷயம்: பத்தாவது ரிசல்ட் 2024-ல் மே 10-ம் தேதியும் 2025-ல் மே 16-ம் தேதியும் வந்தது. உங்கள் பழைய தேதி அதில் மாட்டலாம், முன்னதாகப் போனால் மாட்டாது. ஆனால் நடுக்கடலில் வைஃபை வாங்கியும் மார்க் பார்க்கலாம், பினாங்கில் இறங்கியும் பார்க்கலாம். நான்கு நாளில் பிளஸ் ஒன் சீட்டு ஓடிவிடாது. (மார்க் குறைந்தால் ஓடிப்போக முடியாத இடத்தில் பையன் இருப்பான் என்பது தங்கை வீட்டுக்காரருக்கு வசதி.)

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் லீவு. இத்தனை பேர் இத்தனை செலவு செய்து போவது அவளோடு நான்கு நாள் இருக்கத்தானே? கடிதத்தில் ஒரே வரியில் அதைத் தாண்டிவிட்டீர்கள். ஏஜென்டுக்குப் பேசுவதற்கு முன் இன்று இரவே அவளுக்கு ஒரு போன் போடுங்கள், அவர்கள் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதை மறக்காமல். முன் தேதிக்கு லீவு கிடைக்காது என்றால் மேலே நான் எழுதியது எதுவுமே தேவையில்லை. “நன்றி, பழைய பயணத்திலேயே வருகிறோம்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அவளுக்கு லீவு கிடைக்கும் என்றால், அப்போதும் இப்போதுள்ள ஆஃபருக்குச் சரி சொல்ல மாட்டேன். திருப்பிக் கேட்பேன். விமானத் தேதி மாற்றச் செலவை ரசீதுப்படி கம்பெனி தர வேண்டும். நான்கு இரவுக்கும் மூன்று இரவுக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தைக் கப்பல் கணக்கில் போடாமல், பணம் கட்டிய வழியிலேயே திருப்ப வேண்டும். நடுப்பகுதியில் அடுத்தடுத்த இரண்டு கேபின், எண்ணோடு. முன்கூட்டி வாங்கிய சுற்றுலா, சாப்பாட்டு பேக்கேஜ் எதுவும் இருந்தால் வாங்கிய விலையிலேயே புதுத் தேதிக்கு. கேட்பதில் கூச்சம் வேண்டாம், தேவை அவர்களுடையது. இதை ஏஜென்ட் போனில் பேசினால் போதாது, மெயிலில் கேட்டு மெயிலில் பதில் வாங்கித் தர வேண்டும். அந்தப் பதில் வரும்வரை விமான டிக்கெட்டைத் தொடாதீர்கள். முதலில் டிக்கெட்டை மாற்றிவிட்டு, “அந்தப் பயணமும் நிரம்பிவிட்டது” என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு என் கவுன்டரில் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மாறுவதென்று முடிவானால் சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பாருங்கள். புதுத் தேதிக்குச் செல்லுமா, பலமுறை நுழையும் விசாவா என்று இரண்டு கேள்வி. கப்பலில் போய்த் திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. பயணக் காப்பீட்டிலும் தேதியைத் திருத்தச் சொல்லுங்கள். கட்டணம் குறைந்தால் ஏஜென்டிடம் புது பில் கேளுங்கள், அவர் பிடித்த டி.சி.எஸ். (வெளிநாட்டுப் பயணக் கட்டணத்தோடு முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும்; அது உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

ஏஜென்ட் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சரி என்றால் அவருக்கு ஒரு போனில் வேலை முடிகிறது. அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: எங்களுக்கும் இதேபோல் வந்தது. ஏஜென்ட் போனில் மட்டும் சொல்கிறார், 48 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். இது உண்மையா, மிரட்டலா?

- ஆம்பூர் வாசகர்

பதில்: கெடு உண்மையாகவே இருக்கலாம். தேவையான எண்ணிக்கை கிடைத்ததும் ஆஃபரை மூடிவிடுவார்கள், சில நேரம் கெடுவுக்கு முன்பே. ஆனால் கம்பெனி அனுப்பிய மெயில் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். அதை அப்படியே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு 48 மணி நேரம் தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும். அனுப்ப மறுத்தால் கம்பெனி தருவதில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: பயணத்தை விட்டுக்கொடுத்ததற்குப் பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான வரவு வாங்கிக்கொண்டோம். எங்களால் போக முடியாது போலிருக்கிறது. மகனுக்கு மாற்றிக் கொடுக்கலாமா?

- ஆரணி வாசகி

பதில்: பெரும்பாலான கம்பெனிகளில் அந்த வரவு பயணியின் பெயரில்தான் இருக்கும், மாற்ற முடியாது. சிலவற்றில் நீங்களும் கூட வந்தால் ஒரே கேபினில் சேர்த்துக்கொள்ள விடுவார்கள். வரவுச் சீட்டில் மூன்றைப் பாருங்கள்: பெயர் மாற்றலாமா, கடைசித் தேதிக்குள் பதிவு செய்தால் போதுமா, அல்லது அதற்குள் கப்பலே கிளம்பியிருக்க வேண்டுமா, துறைமுக வரிக்கும் அது செல்லுமா, கட்டணத்துக்கு மட்டுமா. பெரும்பாலும் கட்டணத்துக்கு மட்டும்தான், வரியும் டிப்ஸும் கையிலிருந்து போகும். இன்னும் தேதி இருந்தால் பணமாகவே திருப்பித் தரும்படி ஒரு மெயில் போட்டுப் பாருங்கள். பயணத்தை மாற்றச் சொன்னது அவர்கள்தான் என்பதை முதல் வரியிலேயே எழுதி, அப்போது வந்த மெயிலையும் அதோடு இணையுங்கள்.