பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். டிசம்பரில் கடைசி நாள். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். என் ப்ராஜெக்ட் வழிகாட்டி, “நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்கிறார். எழுதலாமா? கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கினால் மதிப்புக் கூடுமா? ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கட்டாயமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் ஆசிரியர் தட்டிக்கழிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. விடைத்தாள் திருத்துவதற்கும் அலுவலக வேலைகளுக்கும் நடுவே கடிதம் எழுத நேரமில்லாத நம் கல்லூரிகள் பலவற்றில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பெயரில் உங்கள் சொற்களை அனுப்புவது பொய்தான். தவிர, தன்னைப் பற்றித் தானே எழுத உட்காரும் மாணவர் கூச்சத்தினால் ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நற்பண்புகள் உடையவர்’ என்று நன்னடத்தைச் சான்றிதழின் வாசகத்தையே எழுதிவிடுகிறார். எந்த மாணவருக்கும் பொருந்தும் அந்த வாசகத்திலிருந்து சேர்க்கைக் குழுவினர் உங்களைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

என் மாணவி ஒருவருக்கு நான் எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். ஐப்பசி மழை நாள்களில் எங்கள் ஆய்வகத்தில், ஈரம் பட்டால் கெட்டுவிடும் கிரிக்னார்டு வினை தொடர்ந்து கைகொடுக்காமல் போயிற்று. மற்றவர்கள் மெக்னீசியத்தைக் குறை சொன்னபோது, ஈதரில் ஈரம் ஏறியிருக்குமோ என்று அவர் மட்டும் ஐயப்பட்டு, அதைச் சோடியக் கம்பி இட்டு உலர்த்தி, கண்ணாடிக் கலங்களை இரவு முழுவதும் அடுப்பில் வைத்திருந்து, மறுநாள் வினையை நடத்திக் காட்டினார். அந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் விரிவாக எழுதினேன். அதைப் படிப்பவருக்கு அவர் உழைப்பாளி என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தகைய கடிதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவரால்தான் எழுத முடியும். முதல்வர் உங்களை ஆண்டு விழா மேடையில் பார்த்திருப்பார்; அவருடைய பதவி அந்தக் குறையை ஈடுசெய்யாது. ப்ராஜெக்ட் வழிகாட்டி, செய்முறை வகுப்பு நடத்தியவர், வகுப்பு முடிந்தபின்னும் நீங்கள் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்ட ஆசிரியர் என மூவரைத் தேர்ந்தெடுங்கள்.

வழிகாட்டியிடம் மறுபடியும் போய், “சார், நீங்கள் எழுதினால்தான் எனக்கு உதவும், விவரங்களை எல்லாம் தொகுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொல்லி ஒரு தாளைக் கொடுங்கள். ப்ராஜெக்ட்டில் எந்த இடத்தில் தடுமாறினீர்கள், எப்படி மீண்டீர்கள், அவர் பாராட்டியது எது, திருத்தச் சொன்னது எது என்று அதில் குறித்திருங்கள். நினைவூட்டுவது வேறு, அவருக்காக எழுதுவது வேறு. ஆங்கிலம் குறித்து அவருக்குத் தயக்கம் இருந்தால், எளிய ஆங்கிலத்தில் எழுதிய உண்மையான ஒரு பக்கமே போதும் என்று பணிவோடு சொல்லுங்கள். கடைசி நாளுக்கு ஒன்றரை மாதம் முன்பாவது இதைச் செய்துவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் பல்கலைக்கழகமே அவருக்கு ஓர் இணைப்பை அனுப்பும்; அதன் வழியாக அவர் நேரடியாகக் கடிதத்தைப் பதிவேற்றுவார். கூடுமானவரை கல்லூரி முகவரியையே கொடுங்கள். அந்த அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவது உண்டு என்பதால், இரண்டு நாள் கழித்து வந்ததா என்று கேட்டுவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவருக்கு 1974ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதாகவே குறியுங்கள், மாணவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்தையே குழுவினர் நம்புகிறார்கள்.

ஜிஆர்இயைப் பல வேதியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் தனித்தனியே பாருங்கள். எழுத நேர்ந்தாலும், 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வுதான். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால் அதன் தேதியில் கவனமாக இருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் பிப்ரவரியிலேயே உதவித்தொகையுடன் பிஎச்.டி. இடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் பதில் கேட்கிறது. அவன் விரும்பிய இடத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. என்ன செய்வது? - ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உதவித்தொகையுடன் வரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன்னதாகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை என்று ஒரு பொதுத் தீர்மானம் இருக்கிறது, அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கல்லூரிகளின் மன்றம் கொண்டுவந்த அதில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையொப்பமிட்டுள்ளன. மன்றத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அதில் இருந்தால், நன்றி தெரிவித்து, தீர்மானத்தைக் குறிப்பிட்டு, ஏப்ரல் 15 வரை அவகாசம் கேட்டு உங்கள் மகனே எழுதட்டும். அன்றைக்கே விரும்பிய துறைக்கும், கையில் ஓர் இடம் இருப்பதைத் தெரிவித்துத் தன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, நான்கு வரியில் அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.