டிஎம்எஸ் என்றால் ஷாக் கொடுப்பதா? அண்ணனுக்காகக் கேட்ட தங்கைக்கு

அண்ணனுக்கு 41 வயது, மூன்று வருடமாக டிப்ரஷன், இரண்டு முறை மாத்திரை மாற்றியும் தேறவில்லை, இப்போது டாக்டர் டிஎம்எஸ் (காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை) செய்யலாம் என்கிறார், அது ஷாக் ட்ரீட்மென்ட்தானே, ஞாபகம் போய்விடாதா என்று அம்மா பயப்படுகிறார், வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், இது ஷாக் இல்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பை வரவழைப்பதும் கிடையாது. ஞாபகம் போய்விடும் என்ற பயமும் இதில் வேண்டாம். அண்ணன் விழித்தபடி நாற்காலியில் சாய்ந்திருப்பார், முடிந்ததும் எழுந்து அப்படியே ஆபீஸுக்குப் போகலாம்.

தலையை ஒட்டி வைக்கும் ஒரு காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் விட்டு விட்டுப் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. அது மண்டையோட்டைத் தாண்டிப் போய், அடியில் இருக்கும் நரம்பு செல்களைத் தூண்டிவிடுகிறது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு இதைச் செய்து காட்டியது. டிப்ரஷனுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் அனுமதி கொடுத்தது. வழக்கமாகத் தூண்டுவது இடது நெற்றிக்குச் சற்று மேலே, உள்ளே இருக்கும் பகுதியை. டிப்ரஷன் உள்ள பலருக்கு அந்த இடம் மந்தமாக இருக்கிறது.

முதல் நாளில் அளவெடுக்கவே நேரம் போகும். கை அசைவுக்கான பகுதியின் மேல் காயிலை வைத்து, சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஒரு கட்டத்தில், அவர் அசைக்காமலேயே வலது கட்டைவிரல் வெடுக்கென்று துடிக்கும். பத்துத் தட்டுக்கு ஐந்து முறையாவது துடிக்க வைக்கும் மிகக் குறைந்த சக்தி எதுவோ, அதுதான் அவருக்கான அளவு. பெரும்பாலும் அதில் 120 சதவீதம் வைத்து சிகிச்சை கொடுப்பார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். இந்த அளவே எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே செட்டிங் போடுகிற இடமாக இருந்தால், தயங்காமல் வேறு இடம் பாருங்கள்.

மரங்கொத்தி கொத்துவது போல டக்டக்கென்று சத்தம் வரும், காதில் அடைப்பான் கட்டாயம் வேண்டும். பழைய முறையில் ஒரு தடவைக்கு முப்பத்தேழு நிமிடம். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் மூன்றே நிமிடம். கனடாவில் 400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில் அது பழைய முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. ஆபீஸ் போகிறவருக்கு இது பெரிய வசதி, உங்கள் டாக்டரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் இந்த இரண்டில் எந்த முறையானாலும் வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் போயாக வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். பத்து நாள் போய்விட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடுகிறார்கள். மாற்றம் தெரிய ஆரம்பிக்கவே பலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நன்றாகக் குறைகிறது, மூன்றில் ஒருவர் கிட்டத்தட்ட முழுதாக மீள்கிறார். மாத்திரைகள் கைகொடுக்காதவர்களிடம் இது நல்ல பலன்தான், ஆனால் உத்தரவாதம் இல்லை.

தலைவலி, காயில் வைத்த இடத்தில் எரிச்சல் முதல் வாரத்தில் வரலாம், பெரும்பாலும் போகப்போகக் குறையும். வலிப்பு வரும் வாய்ப்பு மிக மிக அரிது. இருந்தாலும் முன்பு ஃபிட்ஸ் வந்ததா, தலையில் அடிபட்டதா, காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாய்க் கிளிப், பேஸ்மேக்கர் மாதிரி எதுவும் இருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பல் அடைத்திருப்பது பிரச்னை இல்லை. குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும், ராத்தூக்கம் கெட்டால் அன்று காலையே தெரிவிக்க வேண்டும். தூக்கத்துக்குக் குளோனசெபாம் போடுகிறாரா? அது டிஎம்எஸ்ஸின் பலனைக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று, மாத்திரை உண்மையிலேயே வேலை செய்யவில்லையா? சரியான டோஸில், விடாமல் ஆறு வாரமாவது சாப்பிட்டாரா, தைராய்டு பார்த்தீர்களா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைத்தாரா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அது சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் பைபோலாராக இருக்கலாம், சிகிச்சையே வேறு.

செலவைத் தனியார் இடங்களில் முழு கோர்ஸுக்கும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொன்னாலும், இதில் அட்மிஷன் இல்லாததால் பாலிசி ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கோர்ஸ் முடிந்தாலும் பெரும்பாலும் மாத்திரை தொடரும். மறுபடி இறங்கினால் திரும்பவும் செய்யலாம்.

அண்ணன் சாவைப் பற்றிப் பேசினாலோ, சாப்பாடு தண்ணீரை விட்டுவிட்டாலோ டிஎம்எஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த நிலையில் டாக்டர் ஈசிடி, அதாவது அம்மா பயப்படும் அந்த ஷாக்கையே, சொன்னால் மறுத்துவிடாதீர்கள். அதில் சில வாரங்களுக்கு ஞாபகம் மங்கலாம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தான டிப்ரஷனில் அதுதான் வேகமாக வேலை செய்யும். மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலிமானஸ் எண், தமிழிலும் பேசுவார்கள்.