வாடிப்போன எலுமிச்சையும் காலை வெந்நீரும்

கேள்வி: விலை மலிவாக இருக்கிறதே என்று உழவர் சந்தையில் இரண்டு கிலோ எலுமிச்சம்பழம் வாங்கிவிட்டேன். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் அப்படியே கொட்டி வைத்தேன். பத்தே நாளில் பாதிப் பழம் கோலிக்குண்டு மாதிரி இறுகிவிட்டது. சிலவற்றின் தோலில் பழுப்புப் புள்ளி, நாலைந்தில் பச்சைப் பூஞ்சை. மீதியை எப்படிக் காப்பாற்றுவது? இன்னொன்று: என் மாமியார் உடம்பு இளைக்க வேண்டும் என்று தினமும் வெறும் வயிற்றில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடிக்கிறார். இப்போது பல் கூசுகிறதாம். நிறுத்தச் சொல்லலாமா? (மதுரை வாசகி)

பதில்: முதலில், இறுகிய பழங்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தோல்தான் காய்ந்திருக்கிறது, உள்ளே சாறு இருக்கும். பொறுக்கிற சூட்டில் உள்ள தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். அப்புறம் மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். கைக்குக் கீழே பழம் இளகுவது தெரியும். புதுப் பழத்தின் அளவுக்கு வராது, ஆனாலும் ரசத்துக்கும் ஜூசுக்கும் போதுமான சாறு கிடைக்கும். கடைசிச் சொட்டுவரை நசுக்க வேண்டாம். தோலின் உட்புற வெள்ளையும் விதையும் நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும்.

நீங்கள் செய்த தவறு ஒன்றுதான்: மூடாமல் வைத்தது. எலுமிச்சை கெடுவதற்கு முன்னால் காய்கிறது. பறித்த பிறகும் தோல் வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பது குளிர்ந்த காற்று மட்டுமல்ல, வறண்ட காற்றும்கூட. போதாததற்கு, நாம் வாங்குவது ஆங்கிலத்தில் லெமன் என்று சொல்லும் பழமே அல்ல, லைம். லெமன் நீள்வட்டமாக, தடித்த தோலோடு இருக்கும். நம்முடையது உருண்டை, மெல்லிய தோல். வடக்கே இதற்குக் காகஜி என்றே பெயர், காகிதம் போன்ற தோல் உள்ளது என்று அர்த்தம். வெளிநாட்டு வீடியோவில் லெமனுக்குச் சொல்லும் கணக்கை அப்படியே நம் பழத்துக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

சரி, எப்படி வைப்பது? வாங்கி வந்ததும் பழங்களைத் தரம் பிரியுங்கள். காம்பு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் போதும். அங்கே மெத்தென்றோ பழுப்பாகவோ இருந்தால் அந்தப் பழம் இன்றைக்கே செலவாக வேண்டியது. அடிபட்டதும் கீறல் விழுந்ததும் அப்படித்தான். பூஞ்சை பெரும்பாலும் காயத்தின் வழியாகத்தான் நுழையும். ஒரு பழத்தில் பச்சைப் பொடி பூத்துவிட்டால் தொட்டாலே பறந்து பக்கத்துப் பழத்தில் உட்காரும். நல்ல பழங்களைக் கழுவாமல், அல்லது கழுவி ஈரம் சுத்தமாகப் போகும்வரை துடைத்து, மூடியுள்ள டப்பாவிலோ ஜிப் கவரிலோ போட்டு அடிப்பக்கத் தட்டில் வையுங்கள். உள்ளே ஒரு காய்ந்த துணியோ டிஷ்யூவோ போட்டால் வியர்க்கும் நீரை அது வாங்கிக்கொள்ளும். இப்படி மூன்று, நான்கு வாரம் தாராளமாக வரும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, துணியை மாற்றி, சந்தேகமான பழத்தை வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டில் வைக்காதீர்கள். இது வெப்பநாட்டுப் பழம், அதிகக் குளிர் ஆகாது.

பழத்தைத் தண்ணீரில் மூழ்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். காயாது, உண்மைதான். ஆனால் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வழவழப்பு தட்டும். எனக்கு டப்பாதான் சௌகரியம்.

நாற்பது, ஐம்பது பழம் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் எல்லாவற்றையும் பழமாகவே காப்பாற்ற நினைப்பது வீண் பாடு. பாதியைப் பிழிந்து ஐஸ் டிரேயில் ஊற்றுங்கள். நம் பழம் ஒன்றில் ஏறக்குறைய 20 மில்லி சாறு வரும், டிரேயின் ஒரு குழி கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக ஒரு கட்டி, ஒரு பழம். உறைந்ததும் கவரில் மாற்றிக் காற்றை வெளியேற்றி மூடி வையுங்கள். சித்திரையில் பழத்தின் விலை ஏறும்போது கைகொடுக்கும். 2022 ஏப்ரலில் பல ஊர்களில் ஒரு பழம் 10 ரூபாய், 15 ரூபாய் என்று விற்றதே, அன்றைக்கு இப்படி நாலு கவர் வைத்திருந்தவர்கள்தான் புத்திசாலிகள்.

மிச்சத்தை உப்பில் போடுங்கள். ஒரு கிலோ பழத்துக்கு 200 முதல் 250 கிராம் கல்லுப்பு. பழத்தில் ஈரமே இருக்கக் கூடாது, கத்தியும் கையும் அப்படியே. நாலாகக் கீறி உப்பைத் திணித்து பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ அடுக்கி, தினமும் ஒருமுறை குலுக்கி விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தோல் இளகிவிடும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம். கல்யாணமான புதிதில் ஜாடி இல்லையே என்று நான் ஓர் அலுமினியத் தூக்கில் போட்டு வைத்தேன். ஒரே வாரத்தில் சாறு சாம்பல் நிறமாகி, தூக்கின் உட்புறம் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. ஊறுகாயோடு தூக்கும் போயிற்று.

பித்தளை, செம்பும் அதே கதைதான். செம்பைச் சொல்லும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி என்ற நோயில் மாலுமிகள் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்த காலம். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். 1795இலிருந்து பிரிட்டிஷ் கடற்படை லெமன் சாறு கொடுக்க ஆரம்பித்தது, ஸ்கர்வி ஏறக்குறைய ஒழிந்தது. 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றுக்கு மாறினார்கள். புளிப்பு அதிகம், ஆகவே சக்தியும் அதிகம் என்று நினைப்பு. ஆனால் லைமில் வைட்டமின் சி குறைவு. அந்தச் சாறும் செம்புக் குழாய்களில் ஓடி, காற்றுப்பட்டு, நாள்கணக்கில் கிடந்தது. 1875இல் ஆர்க்டிக் போன பயணக்குழுவை ஸ்கர்வி மறுபடியும் பிடித்துக்கொண்டது. புளிப்பு வேறு, வைட்டமின் வேறு. பிழிந்த சாற்றைச் செம்புச் சொம்பில் ஊற்றி வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

இனி உங்கள் மாமியார். இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு போடலாம். எலுமிச்சைச் சாறு 100 மில்லியில் 30 முதல் 50 மில்லிகிராம்வரை வைட்டமின் சி இருக்கும். ஒரு பழத்தின் 20 மில்லியில் 6 முதல் 10 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் தேவை. ஒரே ஒரு கொய்யாப்பழம் தின்றாலே அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு கிடைத்துவிடும். நெல்லிக்காயைக் கேட்கவே வேண்டாம். கொழுப்பைக் கரைக்கும் சக்தி எலுமிச்சையில் கிடையாது. அந்த டம்ளரால் எடை குறைகிறது என்றால், சர்க்கரை போட்ட காபிக்குப் பதிலாக அது வந்ததுதான் காரணம். அதில் ஒரு மேசைக்கரண்டி தேன் ஊற்றினால் 60 கலோரி உள்ளே போகிறது. சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பல் கூசுவதற்குக் காரணம் எலுமிச்சைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புளிப்பை அளக்க பிஹெச் என்று ஓர் அளவு உண்டு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பல்லின் மேலுறையான எனாமல் பிஹெச் 5.5க்குக் கீழே கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாறு 2 முதல் 3க்குள். தினமும் சூடாக, மெதுவாக உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் பல் அந்தப் புளிப்பிலேயே ஊறுகிறது. பலர் அதைக் குடித்த கையோடு பல்லும் தேய்ப்பார்கள், அது இன்னும் மோசம். இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் சுரண்டிவிடும். ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். ‘கொஞ்ச நாள் அதைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்களேன் அத்தை’ என்று சொல்லிப் பாருங்கள். அதுவரை, குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கட்டும். கூச்சம் குறையாவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்செரிச்சலோ அல்சரோ உள்ளவர் என்றால் வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டோடு என்று நான் சொல்வது சமாதானத்துக்காக அல்ல, எலுமிச்சையின் அசல் உபயோகமே அங்கேதான். கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்புச் சத்து லேசில் உடம்பில் ஒட்டாது. கூடவே கொஞ்சம் வைட்டமின் சி போனால் ஒட்டும். கொண்டைக்கடலைச் சுண்டலை இறக்கி வைத்து, ஆவி கொஞ்சம் அடங்கியதும் அரை மூடி பிழிந்து கிளறுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமினும் போகும், வாசனையும் போகும், கசப்புதான் மிஞ்சும். எலுமிச்சை சாதத்துக்கும் இதே பக்குவம்தான். அந்தச் சாப்பாட்டுக்கு மேலே ஒரு டீயைக் குடித்துவிடாதீர்கள், டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தசோகை உள்ள வீட்டுப் பெண்களுக்குக் காலை வெந்நீரைவிட இந்த அரை மூடி எவ்வளவோ மேல்.

சிறுநீரகக் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட், கால்சியம் கற்கள் உருவாவதைக் குறைக்க உதவும், கூடவே நிறையத் தண்ணீரும் குடித்தால். இருக்கிற கல்லை அது கரைக்காது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஜூசில் உப்புப் போடாமல் குடிக்கட்டும். முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது மட்டும் கூடவே கூடாது. தோலில் கருந்திட்டு விழும், சிலருக்குக் கொப்புளமே வரும்.

பிழிந்த மூடியில் கல்லுப்பைத் தொட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தால் பளிச்சிடும். உடனே கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பச்சை பிடிக்கும். மொசைக் தரையிலும் மார்பிளிலும் தேய்க்காதீர்கள், மெருகு போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையைக் கலப்பது ஆபத்து, அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாக அந்தப் பழுப்புப் புள்ளி. மேல்தோலில் மட்டும் சின்னச் சின்னக் குழியாக இருந்து, நறுக்கினால் உள்ளே சுளை நல்ல நிறமாக, வாசனையாக இருக்கிறதென்றால் அது குளிர் தாக்கியது. தயங்காமல் பிழியுங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம், முழுசாகத் தூக்கிப் போடுங்கள். அந்தத் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு அடுத்த பழத்தை வையுங்கள்.